வீட்டுக்கல்விக் குழந்தைக்கு விதிவழித் தமிழ் எழுத்துப் பயிற்சி: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

மலைப்பாதை (ஏற்காடு):

வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது. வீட்டிலேயே படிக்கிறாள். ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு ஆர்ட்டன்–கில்லிங்காம் முறையில் அமைந்த ஒரு பயிற்சித் தொகுப்பு நன்றாகப் போகிறது. ஒரு நேரத்தில் ஒரே விதி, எழுத்து வில்லைகளை நகர்த்திச் சொல்லைக் கட்டுவது, பிறகு அந்த விதி வரும் வாக்கியங்களை டிக்டேஷன் போடுவது. 'சி' எழுத்துக்குப் பின் ஈ, ஐ, ஒய் வந்தால் 'ஸ' ஒலி என்பது மாதிரி ஒரு காரணம் கிடைத்தால் அவளுக்குப் போதும், தானே எழுதிவிடுகிறாள்.

தமிழுக்கும் அதே மாதிரி ஒன்று தேடுகிறேன். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், சரளமாக வாசிப்பாள். எழுதும்போதுதான் சிக்கல். நோட்டிலிருந்து சில: 'பாடு பாடினாள்' (பாட்டு), 'கொடை புடிச்சு', 'முயற்ச்சி', 'காத்து அடித்தது', 'பன்டிகை', 'வாளப்பளம்', 'அவள் வந்தால்' (வந்தாள்).

என் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. அரசுப் பாடநூல்களை வரிசையாக எடுத்து டிக்டேஷன் போடுவது. கடையில் கிடைக்கும் பிழை நீக்கப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்குவது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களைப் பின்பற்றுவது. இவற்றில் எது உண்மையில் விதிவழிப் பயிற்சி? எந்த வரிசையில் போக வேண்டும், தினம் எவ்வளவு நேரம்? பின்னாளில் தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுத வைக்க எண்ணம். அதற்கு 12½ வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் அவசரம் இல்லை. விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய தமிழாசிரியர் (செவ்வாய்ப்பேட்டை):

அம்மா, நீங்கள் கொடுத்த பட்டியலில் மனப்பாடம் செய்தே தீர வேண்டியவை வாழைப்பழம், காற்று இரண்டும்தான். மற்ற அத்தனைக்கும் விதி இருக்கிறது. ஆகவே விதிவழியே போவது உங்கள் மகளுக்குச் சரியான முடிவு.

மூன்று வழிகளைப் பற்றி முதலில். அரசுப் பாடநூல் நல்ல வாசிப்பு நூல். ஆனால் எழுத்துப்பிழையை வரிசைப்படி தீர்ப்பது அதன் வேலை இல்லை. மயங்கொலிகள் (ல, ள, ழ போல ஒலி குழம்பும் எழுத்துகள்) ஆறாம் வகுப்பில் வருகின்றன, வல்லினம் மிகும் இடங்கள் எட்டாம் வகுப்பில்தான் வருகின்றன. அதுவரை குழந்தை தவறாகவே எழுதிப் பழகிவிடும். டிக்டேஷனுக்கு வாக்கியம் எடுக்க அதை வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இணையக் கல்விக்கழகப் பாடங்கள் தமிழ்ச் சூழலுக்கு வெளியே வளரும் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு அதில் பாதி தேவைப்படாது.

கடைப் புத்தகத்தை வாங்குவதற்கு முன் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அலை–அளை–அழை, வலி–வளி–வழி என்று மூன்று பத்தியாக அடுக்கிப் பொருள் எழுதச் சொன்னால் அது வெறும் பட்டியல். ஏற்கெனவே குழம்பும் குழந்தைக்கு மூன்றையும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் காட்டினால், அந்த மூன்றும் நினைவில் ஒன்றாகவே பதிந்துவிடும். எழுதும்போது மறுபடி மூன்றும் சேர்ந்தே எழும். நல்ல தொகுப்பில் ஒரு பாடத்துக்கு ஒரே விதி இருக்கும், அதற்குக் குறைந்தது இருபது சொற்கள் இருக்கும், விலக்குகளும் அதே பக்கத்தில் இருக்கும். டிக்டேஷன் வாக்கியத்தில் இன்னும் கற்பிக்காத விதி எதுவும் தலைகாட்டாது. முதல் மாதத்து விதி மூன்றாம் மாதத்திலும் திரும்ப வரும். இந்தச் சோதனைகளில் தேறும் புத்தகம் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கீழே உள்ள வரிசையை வைத்து நீங்களே நடத்தலாம். இவற்றில் பல 13-ஆம் நூற்றாண்டு நன்னூலிலேயே உள்ள விதிகள்தாம், குழந்தைக்கு ஏற்றபடி வரிசை மாற்றியிருக்கிறேன்.

முதலில் வன்மை மென்மை. சொல்லின் நடுவில் க, ச, ட, த, ப அழுத்தமாகக் கேட்டால் அங்கே ஒற்று இரட்டித்திருக்கிறது (ட், ற் ஒற்றுக்குப் பின் வருவது மட்டும் விலக்கு, அது மூன்றாவது விதியில் வரும்). மென்மையாகக் கேட்டால் ஒற்றை எழுத்து. பகல், பக்கம், பாடு, பாட்டு, பதில், பத்து. மெல்லின ஒற்றுக்குப் பின் எப்போதும் மென்மைதான்: பங்கு, பண்டம், பந்து. 'பாடு பாடினாள்' என்று எழுதும் பிள்ளையிடம் "அழுத்தமா, மெதுவா?" என்று மட்டும் கேளுங்கள். வேற்றுமொழிச் சொற்களில் இது உடையும் என்பதால் பஸ், பஜ்ஜி, டாக்டர் போன்றவற்றை இந்தப் பாடத்தில் சேர்க்க வேண்டாம். ஆனால் உங்கள் மலையில் விளையும் காப்பியை 'ப்பி' போட்டு எழுதினால் விதிக்குள் வந்துவிடும்.

இரண்டாவது, மூன்று 'ந'கரங்கள். ண் இருந்தால் பின்னால் ட, ந் இருந்தால் த, ன் இருந்தால் ற. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பழைய பள்ளிகளில் பெயர் சொல்லியே கற்பித்தது இதற்காகத்தான். பண்டிகை, வண்டி, கொண்டலாம்பட்டி, பந்து, வந்தான், கன்று, சென்றான். 'ன்ட', 'ன்ர' என்ற சேர்க்கை தமிழ்ச் சொல்லில் கிடையாது. சொல்லின் முதலில் வருவது எப்போதும் ந மட்டுமே. ண, ன, ற, ல, ள, ழ, ர, ட எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரமாட்டா. நண்பன், அன்பு, உண்மை, நன்மை ஆகியவை அடுத்த வாரத்துக்கு. ப, ம இரண்டுக்கும் முன்னால் ண், ன் இரண்டும் வரும், அவற்றைச் சொல்லாகவே பழக வேண்டும்.

மூன்றாவது, தமிழ்நாடு முழுக்கப் பெயர்ப்பலகைகளில் காணும் பிழை. ட், ற் இரண்டும் வல்லின ஒற்றுகள். அவற்றுக்குப் பின்னால் இன்னொரு ஒற்று வராது. முயற்சி, பயிற்சி, அதற்கு, கற்க, காட்சி, வெட்கம். உங்கள் ஊரே நல்ல எடுத்துக்காட்டு: ஏற்காடு, 'ஏற்க்காடு' அன்று. ஆனால் ய், ர், ழ் மூன்றுக்குப் பின்னால் ஒற்று வரலாம்: காய்ச்சல், பார்த்தான், வாழ்க்கை, எங்கள் செவ்வாய்ப்பேட்டை. 'முயற்ச்சி' என்று எழுதும் பிள்ளைகள் பலர் 'வாழ்கை' என்றும் எழுதுவார்கள். இரண்டையும் ஒரே விதி தீர்க்கும்.

நான்காவது, சொல்லின் கடைசி எழுத்து. விகுதியைக் கற்பித்தால் ல், ள் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேயே தீரும். கள், அவள், வந்தாள் எல்லாம் ள். வீட்டில், கத்தியால், வந்தால், ஓடுதல் எல்லாம் ல். "யார்?" என்ற கேள்விக்கு விடை வந்தால் 'வந்தாள்', "என்றால் என்ன ஆகும்?" என்று தொடர முடிந்தால் 'வந்தால்'. அவன், நான், வந்தான் எல்லாம் ன். ண் என்று முடியும் அன்றாடச் சொற்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்: கண், மண், பெண், ஆண், எண், புண், தூண், வீண். ற் என்று எந்தச் சொல்லும் முடியாது. ஆகவே கடைசியில் கேட்பது எப்போதும் ர்.

ஐந்தாவது, வினைச்சொல்லின் இறந்தகாலம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விதி. ல் இருந்தால் 'ன்ற' வரும்: கொல்–கொன்றான், செல்–சென்றான், வெல்–வென்றான், நில்–நின்றான், சுழல்–சுழன்றான். ள் இருந்தால் 'ண்ட' வரும்: கொள்–கொண்டான், ஆள்–ஆண்டான், உருள்–உருண்டான். ழ் மாறாமல் நிற்கும்: வாழ்–வாழ்ந்தான், தாழ்–தாழ்ந்தான், சூழ்–சூழ்ந்தான். 'சுருள்' என்று எழுதத் தயங்கும் குழந்தை 'சுருண்டது' என்று சொல்லிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். சொல்–சொன்னான் போன்ற சில விலக்குகள் உண்டு. பெயர்ச்சொல்லிலும் இதே உறவு உண்டு: கல்–கற்கள், சொல்–சொற்கள், முள்–முட்கள்.

மூக்கனேரி:

அய்யா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 'கொடை புடிச்சு', 'காத்து' இரண்டும் எழுத்துக் குழப்பம் இல்லை. குழந்தைக்குச் சரியாகத்தான் கேட்கிறது, கேட்டதை அப்படியே எழுதுகிறாள். பேச்சு எழுத்தாக மாறும்போது எங்கே மாறுகிறது என்பதற்குத் தனியாக விதிகள் உண்டு. கடைப் புத்தகங்கள் இதைத் தொடுவதே இல்லை, "கொச்சை" என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடுகின்றன.

முதல் எழுத்தில் எ அல்லது ஒ கேட்டு, அடுத்து ஒற்றை மெய்யோடு அ அல்லது ஐ வந்தால், எழுத்தில் பெரும்பாலும் இ அல்லது உ. எல–இலை, வெல–விலை, எடம்–இடம், கொடம்–குடம், ஒடம்பு–உடம்பு, ஒலகம்–உலகம், பொக–புகை. நடுவில் இரட்டை ஒற்று இருந்தால் மாற்றம் இல்லை: வெள்ளம், வெப்பம், தென்னை எழுத்திலும் அப்படியே. இந்த விதி சந்தேகத்தைக் கிளப்புமே தவிர முழு விடை தராது. ஏனென்றால் உண்மையிலேயே எ, ஒ உள்ள சொற்களும் இருக்கின்றன: கொலை, தொடை, தொகை, பெயர், எவன். குலை, கொலை இரண்டுமே பேச்சில் 'கொல'. குடை, கொடை இரண்டுமே 'கொட'. பொருளைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். விலக்குகளை ஒரே அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

சொல்லின் கடைசியில் குட்டையாக 'அ' கேட்டு, அது ஒரு பொருளின் பெயராக இருந்தால் ஐ எழுதுங்கள். மல–மலை, தல–தலை, வாள–வாழை. குறில் அகரத்தில் முடியும் பெயர்ச்சொல் தமிழில் அரிது. பல, சில இரண்டையும் தனியே சொல்லிக்கொடுங்கள்.

'த்த' கேட்டால் ற்ற-வா த்த-வா என்பதற்குச் சோதனை: அந்தச் சொல்லின் அடியில் 'று' இருக்கிறதா? ஆறு–ஆற்றில், கிணறு–கிணற்றில், சேறு–சேற்றில், வயிறு–வயிற்றில். வினையிலும் அப்படியே: ஏறு–ஏற்று, மாறு–மாற்று. அடிச்சொல் கிடைக்காதவை சொற்பட்டியலுக்குப் போகும்: காற்று, நேற்று, நெற்றி, வெற்றிலை, சுற்று, புற்று. பத்து, முத்து, சத்து, கத்தி எல்லாம் த்த-வே. ஊர்ப்பெயர்களுக்கு இந்தச் சோதனையைப் போடாதீர்கள். நம் மாவட்டத்து ஆத்தூர் 'ஆத்தூர்' என்றேதான் எழுதப்படுகிறது.

'ச்ச', 'ஞ்ச' கேட்டால் முன்னால் இ, ஐ, ய் இருக்கிறதா என்று பாருங்கள். படிச்சான்–படித்தான், அடிச்சான்–அடித்தான், காஞ்சது–காய்ந்தது, ஒடஞ்சது–உடைந்தது. பச்சை, மூச்சு, பேச்சு, பூச்சி போன்ற பெயர்களில் ச்ச அப்படியே நிற்கும். பிறகு ப, ம, வ எழுத்துகளில் தொடங்கி அடுத்து ட, ண, ள வந்தால் பேச்சில் இதழ் குவிந்துவிடும்: பிடி–புடி, பிள்ளை–புள்ள, பெட்டி–பொட்டி, பெண்–பொண்ணு. ஏற்காட்டில் தினம் காதில் விழும் 'மொளகு' இரண்டு மாற்றங்களும் சேர்ந்தது, எழுத்தில் மிளகு.

இந்தப் பகுதியைத் தொடங்கும்போது பேச்சைத் தப்பு என்று சொல்லாதீர்கள். தாளில் நடுக்கோடு போட்டு இடப்பக்கம் 'பேசுவது', வலப்பக்கம் 'எழுதுவது' என்று இரண்டு பத்தி வையுங்கள். டிக்டேஷன் போடும்போது நீங்கள் "கொட புடிச்சு கெணத்தடில நின்னான்" என்று பேச்சில் சொல்ல வேண்டும், அவள் வாயால் எழுத்து நடைக்கு மாற்றிச் சொன்ன பிறகு "குடை பிடித்துக் கிணற்றடியில் நின்றான்" என்று எழுத வேண்டும். நேரடியாக எழுத்து நடையில் சொல்லிவிட்டால் இந்த விதிகளுக்கு வேலையே இருக்காது.

அட்டைப்பெட்டி (அஸ்தம்பட்டி):

வில்லைகள் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆங்கில வில்லைகளை ஒப்பிட்டுத் தமிழ் வில்லை செய்யப் பார்த்தால் ஒரு இடத்தில் தடுக்கும். உயிர்க்குறியைத் தனி வில்லையாக்க முடியுமா என்ற கேள்விதான் அது. ா, ெ, ே, ை நான்கும் எழுத்துக்குப் பக்கத்தில் தனியே நிற்பவை, அவற்றைத் தனி வில்லையாக்கலாம். ெ, ா இரண்டையும் இருபுறமும் வைத்தால் ொ வந்துவிடும். ி, ீ, ு, ூ நான்கும் எழுத்தோடு ஒட்டுபவை. கு, சு, டு, ணு, து என்று உகரம் எழுத்துக்கு ஏற்ப வடிவம் மாறும். ஆகவே அவற்றை முழு எழுத்தாகவே எழுத வேண்டும்.

கணக்கு: புள்ளி வைத்த மெய் 18, இரண்டு படி, 36. அகர உயிர்மெய் 18, இரண்டு படி, 36. தனியே நிற்கும் குறிகள் நான்கு, தலா நான்கு, 16. இ, ஈ, உ, ஊ வரிசை 18 × 4, 72. உயிர் 12. மொத்தம் 172. வழக்கமான சார்ட் தாள் 56 × 71 செ.மீ. இருக்கும். 4 செ.மீ. சதுரமாக வெட்டினால் 238 வில்லை கிடைக்கும், ஒரே தாள் போதும். மீதியில் ட், ற், க், த், ப் ஆகியவற்றுக்கு இன்னும் இரண்டு படி சேருங்கள். வெறும் தாளாக இருந்தால் மலைக் குளிரிலும் ஈரத்திலும் சுருண்டுவிடும், வெட்டுவதற்கு முன் பின்னால் கெட்டி அட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.

நிறம் முக்கியம். வல்லினம் சிவப்பு, மெல்லினம் பச்சை, இடையினம் நீலம். அய்யா சொன்ன முதல் விதியும் மூன்றாவது விதியும் நிறத்திலேயே தெரிந்துவிடும். புள்ளி வைத்த ட், ற் வில்லைக்குப் பின் இன்னொரு புள்ளிச் சிவப்பு வைத்தால் தவறு. நீலத்தில் ய், ர், ழ் என்றால் வைக்கலாம்.

தினம் 20 நிமிடம், வாரம் ஐந்து நாள். பழைய அட்டைகள் 3 நிமிடம், புதிய விதி வில்லையில் 5, டிக்டேஷன் 8, திருத்தம் 4. இருபது நிமிடத்தைத் தாண்டினால் கடைசிப் பகுதியில் வரும் பிழைகள் சோர்வினால் வருபவை, அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு விதியில் பத்துக்கு ஒன்பது, தொடர்ந்து இரண்டு அமர்வில் வந்தால் அடுத்ததற்குப் போங்கள். தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள்: அய்யாவின் ஐந்து விதிகளுக்கும் தலா எட்டுச் சொல், மொத்தம் நாற்பது. எட்டுக்கு ஏழு சரியாக வந்த விதியைக் கற்பிக்க வேண்டியதில்லை, அட்டையில் மட்டும் சேர்த்துவிடுங்கள்.

திருத்தும் இடத்தில்தான் பல வீடுகளில் கெடுகிறது. தவறாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுத வைத்தால் மூன்றாவது முறைக்குப் பின் கை மட்டும்தான் ஓடும். அதற்குப் பதில் பிழையைக் கோடிட்டு, மேலே சரியானதை ஒருமுறை எழுதி, காரணத்தை வாயால் சொல்லி, அதே விதியில் வேறொரு புதுச் சொல்லை எழுத வேண்டும். ரப்பர் வேண்டாம், பிழையின் தடம் தெரிந்தால்தான் வாரக் கடைசியில் எந்த விதி ஆட்டம் காண்கிறது என்று எண்ண முடியும். இன்னொன்று: டிக்டேஷன் சொல்லும்போது 'பழம்' என்பதில் நாக்கை மடக்கி இழுத்துக் காட்டாதீர்கள். சரியாக உச்சரியுங்கள், மிகையாக வேண்டாம். நம் பக்கம் பேச்சில் ழ பெரும்பாலும் ள-தான். உங்கள் வாயைப் பார்த்து எழுதப் பழகினால், தனியாகக் கட்டுரை எழுதும்போது அந்தக் குறிப்பு இருக்காது.

மலைப்பாதை:

மூவருக்கும் மிக்க நன்றி. நாற்பது சொல் சோதனையை இந்த வாரம் வைக்கிறேன். மூன்று சந்தேகங்கள். விதிக்குள் வராத ல, ள, ழ சொற்களையும் ர, ற சொற்களையும் எப்படிப் பிரித்துக் கற்பிப்பது? வல்லினம் மிகும் இடங்களை இப்போதே தொடங்கலாமா? தாத்தா வீட்டில் பழைய சிறுவர் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, டிக்டேஷனுக்கு அவற்றை எடுக்கலாமா?

மூக்கனேரி:

வல்லினம் மிகுதலை ஒரு வருடமாவது தள்ளிப் போடுங்கள் என்பேன். சொல்லுக்குள்ளேயே ஒற்று நிலைக்காத பிள்ளைக்குச் சொற்களுக்கு இடையிலும் ஒற்று என்று சொன்னால், கண்ட இடமெல்லாம் போடத் தொடங்கும். 'வந்தப் பையன்', 'ஒருப் பழம்' எல்லாம் அப்படி வருவதுதான்.

புத்தகம் பற்றி: அச்சான ஆண்டைப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்றால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். வாசிக்கத் தாராளமாகக் கொடுக்கலாம். நீங்கள் வாய்விட்டுச் சொல்லி அவள் எழுதுவதிலும் தடையில்லை. பார்த்து எழுதும் பயிற்சிக்கு மட்டும் வேண்டாம்.

பழைய தமிழாசிரியர் (செவ்வாய்ப்பேட்டை):

மூக்கனேரி அஞ்சுவது நியாயம், அந்தப் பிழை உண்மையிலேயே வரும். ஆனாலும் முழுவதும் தள்ளிப்போட நான் உடன்படவில்லை. முப்பது விதிகளையும் கொட்டினால்தான் குழப்பம். காதுக்குக் கேட்கிற நான்கை மட்டும், ஐந்து விதிகளும் முடிந்த பிறகு தொடங்கலாம்: அந்த, இந்த, எந்த (அந்தப் பையன்); ஐ உருபு (பாடத்தைப் படித்தாள்); கு உருபு (சேலத்துக்குப் போனாள்); 'த்து', 'ட்டு' போல வல்லொற்றோடு முடியும் வினையெச்சம் (எடுத்துச் சென்றாள், கேட்டுக் கொண்டாள்). கூடவே மிகாத நான்கு: அது, இது, எது; ஒரு; வந்த, படித்த போன்ற பெயரெச்சம்; 'வந்து', 'நின்று' போன்ற மென்தொடர் வினையெச்சம். மிகுவதையும் மிகாததையும் இணையாக வைப்பதால் கண்ட இடத்தில் போடும் பழக்கம் வராது. எடுத்துச் சென்றாள், வந்து சென்றாள் இரண்டையும் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். முதலாவதில் குரல் ஊன்றி நிற்கும், இரண்டாவதில் வழுக்கிச் செல்லும். மற்றவை பன்னிரண்டு வயதுக்கு மேல் போதும்.

ல, ள, ழ மிச்சத்துக்கு: மூன்றில் மிகச் சிறிய குழு ழ. அதை முதலில் முடியுங்கள். அன்றாடம் எழுத வரும் ழ சொற்கள்: தமிழ், எழுத்து, பழம், வாழை, மழை, வழி, ஏழு, ஏழை, கிழங்கு, கிழக்கு, கிழமை, மகிழ்ச்சி, புகழ், நிழல், குழந்தை, குழி, குழம்பு, கோழி, யாழ், விழா, விழி, தோழி, ஆழம், கீழே, நாழி, தழை, உழவு, அழகு, அழு, பழகு, எழு, விழு, நுழை, அழை. வாரத்துக்கு ஆறு. இவை கைவந்த பிறகே ள வரிசை: பள்ளி, வெள்ளை, உள்ளே, வெளியே, இளநீர், புளி, கிளி, மிளகு, களை, விளக்கு. எதிலும் சேராதது ல என்று எழுதலாம். குழம்பும் இணைகளில் ஒன்றை நன்றாக நிலைக்கவிட்டு, இரண்டு வாரம் கழித்து மற்றதைக் காட்டுங்கள். புலி முதலில், புளி பிறகு. ழ் இரட்டிக்காது என்பதால் 'ழ்ழ' என்று எங்கேயும் வராது, இரட்டித்துக் கேட்டால் ல்ல அல்லது ள்ள.

ர, ற: ன் ஒற்றுக்குப் பின் ற மட்டுமே. ர் இரட்டிக்காது. தனிக்குறிலுக்குப் பின் ர் ஒற்றாக வருவதில்லை, தர்மம், வர்க்கம் எல்லாம் வடமொழி வழி வந்தவை. மீதியைப் பொருளோடு சேர்த்துப் பழக்குங்கள்: அறிவு, அறை, பறவை, நிறம், மறதி, பிறகு, சிறிய, வேறு, இறங்கு, ஏறு ஒரு கட்டு; மரம், கரை, ஏரி, உரல், பரவு, பொரி, கூரை இன்னொரு கட்டு. ஏரி, ஏறி இரண்டும் ஒரே வாரத்தில் வேண்டாம்.

மலைச்சாரல் (சிறப்புக் கல்வி):

ஒரு குறிப்பு மட்டும். உங்கள் மகள் சரளமாக வாசிக்கிறாள் என்பதால் இப்போதைக்குக் கவலை வேண்டாம். ஆனால் எட்டு வாரம் ஒழுங்காக நடத்திய பிறகும், விதியை வாயால் சரியாகச் சொல்லிவிட்டுக் கையால் மாற்றி எழுதினாலோ, புள்ளிகள் தொடர்ந்து விடுபட்டாலோ, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போனாலோ, ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு சுழி என்பது நிலைக்காமல் இருந்தாலோ, கற்றல் குறைபாட்டு மதிப்பீடு செய்யுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு சேர்க்கப்பட்டிருக்கிறது. பின்னால் தேர்வுச் சலுகை தேவைப்பட்டால் சான்று வேண்டும். மதிப்பீட்டுக்குப் போகும்போது அட்டைப்பெட்டி சொன்ன அந்த ரப்பர் படாத நோட்டையே எடுத்துச் செல்லுங்கள், எந்த வகைப் பிழை என்று அதிலேயே தெரியும்.

அட்டைப்பெட்டி (அஸ்தம்பட்டி):

டிக்டேஷன் வாக்கியம் எழுதச் சிரமப்படுபவர்களுக்கு, முதல் மூன்று விதிகள் முடிந்ததும் போடக்கூடிய ஐந்து. ல, ள, ழ வராதபடி எழுதியிருக்கிறேன். நீங்களே எழுதும் வாக்கியங்களில் அவை வந்தால் கேட்காமலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள், அவற்றைப் பிழையாக எண்ண வேண்டாம்.

பண்டிகைக்கு அண்ணன் ஏற்காடு வந்தான்.
தம்பி வண்டிக்குப் பின்னே நின்று பாட்டு பாடினான்.
கன்று பயந்து பக்கத்து வீட்டுக்கு ஓடியது.
பத்து நிமிடம் முயற்சி செய்து பந்து எடுத்தான்.
அதற்கு அப்பா காப்பி தந்தார்.

முதல் வாரம் ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம் போதும். 'பாட்டு பாடினான்' என்று ஐ உருபு இல்லாமல் வைத்தது வேண்டுமென்றேதான். உருபு வந்தால் ஒற்றும் வந்துவிடும், அது அய்யாவின் நான்கு விதிகளுக்குப் பிறகு. 'பண்டிகைக்கு' என்பதற்குப் பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வைத்ததும் அதற்காகவே. இரண்டாம் வாக்கியத்தில் உள்ள 'வண்டிக்குப்' என்ற ஒற்றை மட்டும் வில்லையில் நீங்களே வைத்துக் காட்டிவிடுங்கள்.